மறு: எதிர்ப்பொருளைக் கொண்டுவரும் நுண்பைக்கு என்ன பெயர்?

வணக்கம். செல்கள் வெளியே விடும் மிகச்சிறு பைகளுக்கு, குறிப்பாக எதிர்ப்பொருளை (antibody, கிருமி போன்ற அந்நியப் பொருளைப் பற்றிக்கொள்ளும் புரதம்) மேலே கொண்டவற்றுக்கு, தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்ற கேள்விக்கு இது என் பதில்.

> செல் வெளியே தள்ளுவதுதானே, 'கழிவுக்குமிழ்' என்றே வைத்துக்கொள்ளலாமே?

ஐயா, இதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. 1983-இல் முதிர்ந்துவரும் சிவப்பணுக்களில் இந்தப் பைகளைக் கண்டபோது, இரும்பை உள்ளே எடுக்க உதவி, பின் வேண்டாததாகிவிடும் டிரான்ஸ்ஃபெரின் ஏற்பியைச் செல் கழித்துவிடும் வழி என்றுதான் கருதினார்கள். பி செல்கள் (எதிர்ப்பொருளை உருவாக்கும் வெள்ளணுக்கள்) வெளியிடும் பைகள் ஆன்டிஜெனை (நோயெதிர்ப்பைத் தூண்டும் பொருள்) ஏந்திப்போய் டி செல்கள் என்ற வேறுவகை வெள்ளணுக்களைத் தூண்டுகின்றன என்று 1996-இல் ஆய்வாளர் ராப்போசோவின் குழுவினர் காட்டியதும் அந்த எண்ணம் மாறிவிட்டது. நோயெதிர்ப்பில் பங்கெடுக்கும் ஒன்றைக் கழிவு என்று பிள்ளைகள் படிக்கக் கூடாது.

'நுண்குமிழ்' பாடநூல்களில் வேக்குவோலுக்கு (செல்லுக்குள் நீர் முதலியவற்றைச் சேமிக்கும் பை) போய்விட்டது. இந்தப் பைகளில் ஒரு வகைக்கு உள்ள ஆங்கிலப் பெயரை 'எக்சோசோம்' என்று ஒலிபெயர்த்தால், ஆர்.என்.ஏ.வைச் சிதைக்கும் புரதக் கூட்டுக்கும் அதே பெயர். தவிர, வெளியே வந்த பை செல்லுக்குள் எங்கே உருவானது என்று உறுதிசெய்வது கடினம் என்பதால் ஆய்வாளர்களே பொதுப்பெயரைத்தான் விரும்புகிறார்கள். எனவே பொதுவாக 'செல்வெளி நுண்பை' போதும்.

சரி, எதிர்ப்பொருள் உள்ளதற்கு? 'சுமக்கும்' என்றால் உள்ளே அடைத்த சரக்கு என்று தோன்றிவிடும். இங்கே வேலை நடப்பது வெளிப்பரப்பில். 2018-இல் வந்த ஓர் ஆய்வில், ஒரே பையின் மேல் இரண்டு எதிர்ப்பொருள்களின் பற்றும் பகுதிகளைப் பதித்தார்கள். ஒன்று டி செல்லின் மேலுள்ள சிடி3 என்ற புரதத்தைப் பிடிக்கும், மற்றது மார்பகப் புற்றுசெல்லின் மேலுள்ள, வளர்ச்சித் தூண்டலைப் பெறும் இ.ஜி.எஃப்.ஆர். ஏற்பியைப் பிடிக்கும். இரண்டு செல்களும் நெருங்கியதும் டி செல் தாக்கத் தொடங்குகிறது. எலிகளிலும் கட்டியின் வளர்ச்சி குறைந்தது. மனிதருக்கான சிகிச்சையாக இன்னும் ஆகவில்லை, ஆனாலும் எனக்கு மிகுந்த நம்பிக்கை தரும் வழி இது.

வேல் ஒன்றை முன்னே நீட்டிப் பிடிப்பதை ஏந்துதல் என்கிறோம். ஆகவே 'எதிர்ப்பொருள் ஏந்து நுண்பை', சுருக்கமாக 'ஏந்துபை' என்று முன்மொழிகிறேன். வினைத்தொகை என்பதால் காலமும் ஒட்டாது, செல் தானே செய்ததற்கும் நாம் பொறித்ததற்கும் பொருந்தும்.

இன்னொரு வசதியும் உண்டு. புற்றுசெல்கள் விடும் பைகளின் மேல் பி.டி.-எல்1 என்ற புரதம் இருக்கிறது, அது டி செல்களை அடக்குகிறது. அதையும் 'பி.டி.-எல்1 ஏந்து நுண்பை' என்று சொல்லிவிடலாம். நன்மை செய்வதற்கு ஒரு பெயர், தீமை செய்வதற்கு இன்னொன்று என்று தேட வேண்டியதில்லை.

'எதிர்ப்பொருள்' இருக்கட்டுமா, 'பிறபொருளெதிரி' என்று மாற்றவா? கூட்டுச்சொல்லில் முன்னதுதான் வாயில் நிற்கிறது என்பது என் கருத்து. மருத்துவம் படித்தவர்கள் சொல்லுங்கள்.