இரண்டு தடவை வராவிட்டால் குழுவிலிருந்து எடுப்பது தவறா?

ஓஎம்ஆர்க்காரன்:
ஒரு பஞ்சாயத்து. நான் பதினோரு வருடமாக மென்பொருள் வேலையில் இருக்கிறேன். திண்டிவனம் பக்கத்துச் சுயநிதிக் கல்லூரி ஒன்றின் மூன்றாம் ஆண்டு மாணவர்கள் எட்டுப் பேருக்கு ஞாயிறு காலை பத்திலிருந்து பன்னிரண்டு வரை கூகுள் மீட்டில் சொல்லிக் கொடுக்கிறேன். பைதான், எஸ்.க்யூ.எல்., கிட், அப்புறம் மாக் இன்டர்வியூ (ஒத்திகை நேர்காணல்). எல்லோரும் அரசுப் பள்ளியில் படித்து 7.5 சதவீத ஒதுக்கீட்டில் சேர்ந்தவர்கள், வீட்டில் முதல் பட்டதாரிகள். காசு வாங்குவதில்லை. ஒரே விதி: சொல்லாமல் இரண்டு தடவை வராவிட்டால், இடம் காத்திருப்பவருக்குப் போகும். இப்போது இரண்டு பையன்களை எடுக்க வேண்டியிருக்கிறது. கூட வேலை பார்ப்பவர் "கல்நெஞ்சுய்யா உனக்கு" என்கிறார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. உங்களுக்கு?

செமிகோலன்:
எடுப்பதும் வைப்பதும் சின்ன விஷயம். நீங்கள் செய்வது யாருடைய வேலை என்பதுதான் என் கேள்வி. இந்தப் பிள்ளைகளுக்குக் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் எல்லாம் அரசு கட்டுகிறது. 2022இல் அரசின் 'நான் முதல்வன்' திட்டம் வந்து, திறன் பயிற்சி பாடத்திட்டத்துக்குள்ளேயே நுழைந்தாயிற்று. இவ்வளவுக்குப் பிறகும் ஒருவர் தன் ஞாயிற்றுக்கிழமையைக் கொடுத்தால்தான் பையனுக்கு வேலை கிடைக்கும் என்றால், கல்லூரி என்ன செய்கிறது? அதன் ஓட்டையை நீங்கள் இலவசமாக அடைத்துக் கொடுக்கிறீர்கள். ஜோஹோ மென்பொருள் நிறுவனம் 2005லிருந்து ப்ளஸ் டூ, டிப்ளமோ முடித்தவர்களை எடுத்து, உதவித்தொகை கொடுத்துத் தானே பயிற்சி தருகிறது. ஆள் வேண்டும் என்றால் நிறுவனம் செலவழிக்கட்டும்.

ஓஎம்ஆர்க்காரன்:
கல்லூரி செய்ய வேண்டியதுதான், மறுக்கவில்லை. ஆனால் அது திருந்துவதற்குள் இந்தப் பிள்ளைகள் ஏழாவது செமஸ்டருக்குப் போய்விடுவார்கள்.

சரி, நான் என்ன செய்கிறேன் என்று ஒன்று சொல்கிறேன். போன மாதம் ஒரு பெண்ணுக்கு மாக் இன்டர்வியூ. என்ன ப்ராஜெக்ட் செய்தாய் என்றதும் 'லைப்ரரி மேனேஜ்மென்ட் சிஸ்டம்' என்று ஆங்கிலத்தில் ஒப்பித்தாள். சீனியரிடம் வாங்கியது. சீனியர் அதை ப்ராஜெக்ட் சென்டரில் வாங்கியிருப்பார். இரண்டாவது கேள்விக்கே வாயடைத்துப் போனாள். தமிழில் பேசச் சொல்லி, நீயாக எதையாவது எழுதியிருக்கிறாயா என்றேன். ரொம்பத் தயங்கி, அம்மாவின் சுயஉதவிக் குழுவுக்குத் தவணைக் கணக்குப் போட ஒரு பைதான் நிரல் எழுதியதைச் சொன்னாள். 10,000 ரூபாயைப் பன்னிரண்டு தவணையாகப் பிரித்தால் 833.33 வரும். கூட்டிப் பார்த்தால் நான்கு பைசா இடிக்கும். குழுவில் நோட்டு எழுதும் அக்கா பதினொரு மாதம் 833 வாங்கி, கடைசி மாதம் 837 வாங்குவாராம். இவளும் நிரலை அப்படியே மாற்றிவிட்டாள். பணக் கணக்கில் தசமத்தை நம்பக்கூடாது என்று எனக்குப் புரிய, வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடமும் ஒரு பெரிய திட்டும் தேவைப்பட்டன. இவளோ அதை ரெஸ்யூமில் போடவே இல்லை. "அது வீட்டு வேலைதானே சார்" என்கிறாள்.

இதை எந்தத் திட்டம் கண்டுபிடிக்கும்?

ஹெச்ஆர்_அக்கா:
அந்தப் பொண்ணு விஷயம் நூற்றுக்கு நூறு சரி. ஆனால் தம்பி, ரெஸ்யூமை ஒரு ஆள் படித்தால்தானே? பத்தாவது, ப்ளஸ் டூ, டிகிரி மூன்றிலும் 60 சதவீதம், ஸ்டாண்டிங் அரியர் இல்லை என்று பல இடங்களில் முதலிலேயே வடிகட்டிவிடுவார்கள். அந்தச் சல்லடையை நானே வருடக்கணக்கில் ஆட்டியிருக்கிறேன். பாடம் நடத்துவதைவிட நீங்கள் ரெஃபரல் போடுவதுதான் பெரிய உதவி. சென்னையில் படித்த பையனுக்குச் சித்தப்பா, எதிர்வீட்டு அங்கிள் என்று யாராவது உள்ளே இருப்பார்கள். இவர்களுக்கு நீங்கள்தான் அந்தச் சித்தப்பா.

செமிகோலன்:
அக்கா சொல்வது என் பக்கம்தான் சேருகிறது. எட்டுப் பேருக்குச் சித்தப்பா கிடைத்தார். அதே வகுப்பில் மீதி ஐம்பது பேர்?

ஓஎம்ஆர்க்காரன்:
ஐம்பது பேருக்கு முடியாது என்பதால் எட்டுப் பேருக்கும் வேண்டாமா? ரெஃபரல் போடுகிறேன் அக்கா. அதைவிடப் பயன்பட்டது ஒரு போன்கால். முந்தைய குழுவில் ஒரு பையனின் அப்பா, "ஒன்றரை லட்சம் கட்டினால் பேக்டோரில் வேலை என்கிறார்கள், நகையை வைக்கலாமா சார்?" என்று கேட்டார். வேண்டாம் என்று சொல்ல அவர்கள் வீட்டில் ஒருவரும் இல்லை. நான் இருந்தேன்.

விதிக்கு வருகிறேன். காத்திருப்பவர்களும் இதே பிள்ளைகள்தான். வராதவனுக்காக வருகிறவளை எத்தனை நாள் நிறுத்தி வைப்பது?

பந்திக்காரன்:
இதுவரை வேடிக்கை பார்த்தேன். இப்படி ஒரு குழுவிலிருந்து எடுக்கப்பட்டவன் நான், எட்டு வருடத்துக்கு முன்னால். இன்று நானும் ஐ.டி.யில்தான் இருக்கிறேன், மூன்று வருடம் தாமதமாக வந்து.

அந்த இரண்டு பையன்களும் கேட்டரிங் போகிறார்களா என்று கேட்டீர்களா? சனி சாயங்காலம் ரிசப்ஷன் பந்தி. ராத்திரி மண்டபத்திலேயே படுத்து, விடியுமுன் எழுந்தால் காலை டிபன் பந்தி, அப்புறம் முகூர்த்தச் சாப்பாடு. அங்கே பத்து மணிக்கு வகுப்பு தொடங்கும்போது என் கையில் சாம்பார் வாளி இருந்தது. என் கைச்செலவும் செல்போன் ரீசார்ஜும் அந்த வாளியிலிருந்துதான் வந்தன. அரசு கட்டணம் கட்டும் சார், அதைக் கட்டாது.

ஹெச்ஆர்_அக்கா:
சொல்லியிருக்கலாமே தம்பி? அவர் விதியே 'சொல்லாமல்' என்றுதானே இருக்கிறது.

பந்திக்காரன்:
"எச்சில் இலை எடுக்கப் போகிறேன், லீவு வேண்டும்" என்று, ஹெட்போன் மாட்டிக்கொண்டு ஏ.சி. அறையில் இருக்கிறவரிடம் பத்தொன்பது வயதில் எப்படி அக்கா சொல்வது? பாட்டிக்கு உடம்பு சரியில்லை என்று ஒரு தடவை சொன்னேன். இரண்டாம் தடவை பாட்டியை இழுக்க மனசு வரவில்லை.

செமிகோலன்:
இதைத்தான் நான்

பந்திக்காரன்:
இல்லை அண்ணே, நீங்கள் சொன்னது வேறு. எனக்கு அவர் வகுப்பு வேண்டும். கல்லூரி திருந்தும் வரை காத்திருக்க எனக்கும் நேரம் இருக்கவில்லை. ஞாயிறு காலை மட்டும்தான் முடியாது.

ஓஎம்ஆர்க்காரன்:
வருகைப் பதிவை இப்போதுதான் திறந்து பார்த்தேன். ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் நடுவரை எல்லா ஞாயிறும் எட்டுக்கு எட்டு. அதற்குப் பிறகுதான் இந்த இருவரும் இல்லை. ஆரம்ப ஆர்வம் வடிந்துவிட்டது என்று குறிப்பு வேறு எழுதி வைத்திருக்கிறேன்.

ஹெச்ஆர்_அக்கா:
ஆடி!

ஓஎம்ஆர்க்காரன்:
ஆமாம், ஆடி. விதியை எடுக்க மாட்டேன், ஆனால் வகுப்புக் கிழமையை மாற்றுகிறேன். செவ்வாய் இரவு ஒன்பது மணி சரிவருமா?

பந்திக்காரன்:
விடுதியில் அந்த நேரத்தில் நெட் இழுக்கும். ஒன்பதரை போடுங்கள். இன்னும் பத்து நாளில் புரட்டாசி, அந்தப் பையன்கள் ஞாயிறே வந்துவிடுவார்கள். ஐப்பசி பிறப்பதற்குள் ஒரு தினசரி காலண்டர் வாங்கி மேஜையில் வையுங்கள் சார்.