அண்டார்டிகா கப்பல்: 190 பேரா, 450 பேரா? வயசான பெற்றோரோட போறோம்

அடையாறு_ஆலமரம்:

வணக்கம். வர்ற ஜனவரி கடைசியில அர்ஜென்டினாவோட தென்கோடி ஊர் உஷுவாயாவிலிருந்து கிளம்புற 10 இரவு அண்டார்டிக் தீபகற்பப் பயணத்துக்கு முன்பணம் கட்டணும். நான், அப்பா (66, இன்சுலின் போடுறார்), அம்மா (61, இடது முழங்கால் தேய்மானம், படி இறங்கும்போதுதான் வலி). கையில ரெண்டு கப்பல் இருக்கு. ஒண்ணுல 190 பயணிகள், இன்னொண்ணுல 450. பெரிய கப்பல்ல ஆளுக்கு ஒன்றரை லட்சம் குறையுது, நீச்சல் குளம், மூணு ரெஸ்டாரன்ட் எல்லாம் உண்டு. அதையே எடுத்துடலாம்னு வீட்ல பேச்சு. நடுவுல கடக்க வேண்டிய டிரேக் கடலோட வீடியோ பார்த்துட்டு அம்மா பயந்துபோய் இருக்காங்க. ரப்பர் படகுல ஏறி இறங்க அவங்களால முடியுமா? துணிமணி இங்கேயே வாங்கிடலாமா? அப்பாவுக்கு ஒரு ஆசை: அண்டார்டிகாவுல இருக்கிற நம்ம இந்திய ஆராய்ச்சி நிலையம் மைத்ரியைத் தூரத்திலிருந்தாவது பார்க்க முடியுமா?

தென்கடல்:

மைத்ரியை முதல்ல முடிச்சிடுறேன்: முடியாது. அது ஆப்பிரிக்காவுக்கு நேர் தெற்கே இருக்கு. நம்ம இன்னொரு நிலையம் பாரதி இன்னும் கிழக்கே. நீங்க போறது தென் அமெரிக்காவைப் பார்த்து நீட்டிட்டு இருக்கிற வால். நடுவுல ஆயிரக்கணக்கான கிலோமீட்டர். அப்பாவுக்கு ஈடா போர்ட் லாக்ராய் கிடைக்கலாம். 1944-ல பிரிட்டிஷ்காரங்க போட்ட தளம், இப்ப அருங்காட்சியகமும் தபால் நிலையமும். அங்க போடுற போஸ்ட் கார்டு ஃபாக்லண்ட் தீவுகள் வழியா பிரிட்டன் போய், அப்புறம்தான் அடையாறு வரும். அவர் திரும்பி வந்து ரொம்ப நாள் கழிச்சு வந்து சேரும்.

கப்பல் விஷயத்துல நீச்சல் குளத்தைப் பார்க்காதீங்க, கரையிறங்குற கணக்கைப் பாருங்க. அங்க பயணம் நடத்துற நிறுவனங்களோட கூட்டமைப்பு ஐஏஏடிஓ, 1991-ல ஆரம்பிச்சது. அதன் விதிப்படி ஒரு இடத்துல ஒரே நேரத்துல 100 பயணிகளுக்கு மேல கரையில இருக்கக் கூடாது. 20 பேருக்கு ஒரு வழிகாட்டியாவது வேணும். 500 பேருக்கு மேல ஏத்தின கப்பல் யாரையும் இறக்கவே கூடாது.

190 பேர்னா ரெண்டு குழு. ஒண்ணு கரையில நிக்கும்போது இன்னொண்ணு சோடியாக்ங்கிற ரப்பர் படகுல பனிப்பாறைகளைச் சுத்தி வரும், பிறகு இடம் மாத்திக்குவாங்க. காலையிலேயே எல்லாருக்கும் ரெண்டும் கிடைச்சிடும். மத்தியானம் வேற இடத்துல இதே மாதிரி. 450 பேர்னா அஞ்சு குழு. உங்க நேரம் சுருங்கும், இல்லன்னா ஒரு நாளைக்கு ஒரு தடவைதான் இறங்குவீங்க. நடுவுல காத்து ஏறி நிறுத்திட்டாங்கன்னா அஞ்சாவது குழுவுக்கு அன்னிக்கு கரையே கிடையாது. சில இடங்களோட விதியில 200 பேருக்கு மேல இருக்கிற கப்பலுக்கு அனுமதியே இல்ல.

10 இரவுல டிரேக்கைக் கடக்க போக ரெண்டு நாள், வர ரெண்டு நாள். மிச்சம் அஞ்சு நாள்தான், அதுலயும் ஒரு நாளைக் காத்து தின்னுடும்னு வெச்சுக்கோங்க. அதனால ஒன்றரை லட்சம் மிச்சம்னு நீங்க நினைக்கிறது உண்மையில கரையில நிக்கிற நேரத்தை விக்கிறது. கட்டுறதுக்கு முன்னாடி மின்னஞ்சல்ல ரெண்டே கேள்வி கேளுங்க: எத்தனை குழுவாப் பிரிப்பீங்க, மொத்தம் எத்தனை சோடியாக் இருக்கு? இதுக்கு நேரா பதில் சொல்லாத ஏஜென்ட் வேண்டாம்.

ஜனவரி கடைசி நல்ல நேரம். ஜென்டூ பென்குயின் குஞ்சுகள் பொரிச்சு வளர்ந்து இரை கேட்டுத் துரத்திட்டு இருக்கும், கூன்முதுகுத் திமிங்கிலங்களும் வந்து சேர்ந்திருக்கும். நவம்பர் மாதிரி வெள்ளை வெளேர்னு பனி இருக்காது. பென்குயின் எச்சம் கலந்த சிவப்புச் சேறு, அந்த நாத்தம் ஜாக்கெட்டோட சென்னை வரைக்கும் வரும்.

அலைவரிசை_7:

டிரேக் பத்தி. நிறைய பேர் செய்யுற தப்பு, ஆட்டம் ஆரம்பிச்ச பிறகு மாத்திரை தேடுறது. கப்பல் சாயங்காலம் கிளம்பி பல மணி நேரம் பீகிள் கால்வாய்க்குள்ளயே போகும். அங்க தண்ணி குளம் மாதிரி இருக்கும். "இவ்வளவுதானா"ன்னு சாப்பிட்டுத் தூங்கிடுவாங்க. நடுராத்திரி திறந்த கடல் வந்ததும் வாந்தி. அப்ப மாத்திரை போட்டாலும் வயித்துல நிக்காது. முதல் வேளை மாத்திரை ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னாடியே உள்ள போயிருக்கணும்.

நம்ம ஊர்ல சுலபமா கிடைக்கிறது ஸ்டுஜெரான், அவோமின். ரெண்டுமே தூக்கம் வரும். வீட்ல ஒரு தடவை போட்டுப் பார்த்துட்டு எது ஒத்துக்குதோ அதை எடுத்துட்டுப் போங்க. காதுக்குப் பின்னாடி ஒட்டுற ஸ்கோபோலமைன் பட்டையை வெளிநாட்டுக்காரங்க நிறைய பேர் ஒட்டியிருப்பாங்க. ஒரு பட்டை மூணு நாள் தாங்கும். யாராவது அன்பாக் கொடுத்தாலும் அப்பாவுக்கு ஒட்டிடாதீங்க. கண் நீர் அழுத்தம் (கிளாக்கோமா), புராஸ்டேட் வீக்கம் இருக்கிறவங்களுக்கு ஆகாது, வயசானவங்களுக்கு மனக்குழப்பம் வரலாம். பட்டையைத் தொட்ட விரலால கண்ணைத் தொட்டா கண்மணி விரிஞ்சு பார்வை மங்கும்.

கேபின் கீழ்த்தளத்துல, கப்பலோட நடுவுல கேளுங்க. சீசா பலகையில நுனி ஏறி இறங்குற அளவுக்கு நடு அசையாதில்ல, அதே கணக்கு. பால்கனி வெச்ச மேல்தள கேபினுக்கு அதிகக் காசு கொடுத்து அதிக ஆட்டத்தை வாங்குறாங்க.

அலையை விட அடிபடுறதுதான் நிஜ ஆபத்து. பாத்ரூம் கதவு தானா அடிச்சு சாத்தும்போது சட்டத்துல விரல் மாட்டும். கதவை எப்பவும் கைப்பிடியைப் பிடிச்சு மட்டும் திறங்க, விளிம்புல கை வைக்காதீங்க. ஆட்டம் அதிகமா இருக்கிற நாள்ல குளியல் வேண்டாம். படியில ரெண்டு கையிலயும் காபி வேண்டாம்.

வரப்புநண்டு:

துணி. முதல்ல எதை வாங்க வேண்டாம்னு சொல்றேன். முழங்கால் உயர ரப்பர் பூட்ஸ் பெரும்பாலான கப்பல்ல இரவல் தருவாங்க, பார்க்கா ஜாக்கெட் பல கப்பல்ல கொடுத்தே அனுப்புவாங்க. பதிவு செஞ்ச கையோட அளவு எழுதிக் கேப்பாங்க, ஜாக்கெட் ஒரு அளவு பெருசாச் சொல்லுங்க. தீபகற்பத்துல அந்த மாசம் பூஜ்யத்தை ஒட்டி ரெண்டு மூணு டிகிரி மேல கீழதான், மைனஸ் நாப்பது கிடையாது. படுத்துறது காத்தும் ஈரமும்.

நீங்க வாங்க வேண்டியது: உள்ளே போடுற தெர்மல் ஆளுக்கு ரெண்டு செட் (மெரினோ கம்பளி இல்லன்னா பாலியஸ்டர், பருத்தி வேண்டவே வேண்டாம், நனைஞ்சா காயாது), ஒரு ஃபிளீஸ், கம்பளி சாக்ஸ் மூணு ஜோடி, மெல்லிய உள்கையுறை, அதுக்கு மேல தண்ணி புகாத கையுறை, காதை மூடுற தொப்பி, கறுப்புக் கண்ணாடி, சன்ஸ்கிரீன். எல்லாம் டெகத்லான்லயே கிடைக்கும். தண்ணி புகாத கால்சட்டையில மட்டும் மிச்சம் பிடிக்காதீங்க. "தண்ணி தெறிச்சா தாங்கும்"னு போட்டிருக்கிறது ஆகாது, தையல் மேல டேப் ஒட்டினது வேணும். சோடியாக் ஓரத்துல ஒரு மணி நேரம் ஈரத்துலயே உட்காரணும்.

கால்சட்டை பூட்ஸுக்கு வெளிய தொங்கணும். உள்ள சொருகினா இறங்குற முதல் அலையே பூட்ஸை நிரப்பிடும். விரல் விறைச்சா மூணு சாக்ஸ் போடுறாங்க, அது இன்னும் மோசம். பூட்ஸ் இறுகி ரத்த ஓட்டம் நின்னுதான் விறைக்குது. தடிமனா ஒண்ணு போதும், உள்ள விரலை ஆட்ட இடம் இருக்கணும்.

டிரேக்ல போகும்போதே உயிரிப் பாதுகாப்புச் சோதனை நடக்கும், வெளி விதை எதுவும் அங்க போயிடக் கூடாதுன்னு. வெல்க்ரோ, பாக்கெட் மூலை, பூட்ஸ் அடி, டிரைபாட் கால் எல்லாத்தையும் வேக்குவம் போட்டு உறிஞ்சுவாங்க, இடுக்குல இருக்கிறதை இடுக்கியால எடுப்பாங்க. வரப்புல நடந்தா வேட்டியில ஒட்டுமே ஒட்டுப்புல், அது மாதிரி ஒரு விதைதான் பிரச்சினை. போவா அன்னுவாங்கிற சாதாரணப் புல் கிங் ஜார்ஜ் தீவுல ஏற்கெனவே வேர் பிடிச்சாச்சு. பழைய டிரெக்கிங் பையை வீட்லயே தேய்ச்சுக் கழுவிடுங்க. பறவைக் காய்ச்சல் அந்தப் பக்கம் பரவினதிலிருந்து கரையில உட்காரவோ மண்டி போடவோ பையைத் தரையில வைக்கவோ விடமாட்டாங்க.

தென்கடல்:

மேல விட்டுப்போனது, அம்மா முழங்காலும் அப்பா சர்க்கரையும்.

சோடியாக்கை விடக் கஷ்டமானது அதுக்குப் போற படிக்கட்டு. சில கப்பல்ல வெளிப்பக்கம் தொங்குற செங்குத்தான இரும்புப் படியில இறங்கணும். சில கப்பல்ல தண்ணி மட்டத்துலயே பக்கவாட்டுக் கதவு திறக்கும், ரெண்டு மூணு படிதான். அம்மாவுக்கு படி இறங்குறதுதானே வலி? அப்ப ரெண்டு கப்பல்ல எதுல பக்கக் கதவு இருக்குன்னு கேளுங்க. என் கணக்குல இது குழு எண்ணிக்கைக்குச் சமமான கேள்வி.

படகுல ஏறும்போது கையைக் குலுக்குற மாதிரி கொடுக்கக் கூடாது. மாலுமி உங்க முன்கையைப் பிடிப்பார், நீங்க அவர் முன்கையைப் பிடிக்கணும். ஈரக் கையுறை வழுக்கினாலும் அந்தப் பிடி விடாது. ரெண்டு கையும் காலியா இருக்கணும், கேமரா பைக்குள்ள. முதல்ல படகோட விளிம்பு, அடுத்து நடுவுல இருக்கிற படி, உடனே உட்காரணும். கரையில எழுந்து குதிக்க வேண்டாம். உட்கார்ந்த இடத்திலேயே நகர்ந்து முன்பக்கம் போய், ரெண்டு காலையும் வெளிப்பக்கம் போட்டு, அலை பின்வாங்கும்போது இறங்கணும். தண்ணி முழங்காலுக்குக் கீழதான். ஊன்றுகோல் கப்பல்லயே தருவாங்களான்னு கேளுங்க. கரை வழுக்கலா இருந்தா அம்மா படகுச் சுற்று மட்டும் போகலாம், அது ஒண்ணும் குறைஞ்சதில்ல.

பனியில கால் முழங்கால் வரைக்கும் புதைஞ்சா, எடுத்ததும் அந்தக் குழியை மூடிடணும். பென்குயின் உள்ள விழுந்தா அதால ஏறி வர முடியாது. பென்குயினுக்கு அஞ்சு மீட்டர், ஃபர் சீலுக்கு 15 மீட்டர் விட்டு நிக்கணும். அதுங்க தானா நடந்து உங்க கிட்ட வந்தா அசையாம நில்லுங்க. நெக்கோ ஹார்பர்ங்கிற இறங்குற இடத்துல கடற்கரையில நிக்காம மேல ஏறச் சொல்லி விரட்டுவாங்க. எதிர்ல பனியாறு உடைஞ்சு விழுந்தா வர்ற அலை கரையைத் துடைச்சிட்டுப் போயிடும், அதனால.

கரையில சாப்பாடும் கிடையாது, கழிப்பறையும் கிடையாது. ரெண்டு மணி நேரம் வரைக்கும் ஆகலாம். அப்பா கப்பல்லயே சாப்பிட்டுட்டு இறங்கணும். குளுக்கோஸ் வெச்சிருக்க முதல் நாளே கப்பல் மருத்துவர்கிட்டயும் பயணத் தலைவர்கிட்டயும் அனுமதி வாங்கிடுங்க. இன்சுலினை செக்-இன் பையில போட வேண்டாம், உறைஞ்சா வேலை செய்யாது, கரையிலயும் உடம்பை ஒட்டின உள்பாக்கெட்டுல வைங்க. வாந்தி எடுத்துச் சாப்பிட முடியாத நாள்ல எவ்வளவு போடணும்னு அவரோட டாக்டர்கிட்ட எழுதியே வாங்கிட்டுப் போங்க.

அடையாறு_ஆலமரம்:

ரொம்ப நன்றி. 190 பேர் கப்பலுக்கு மாறிட்டோம், பக்கக் கதவு இருக்குன்னு எழுதிக் கொடுத்திருக்காங்க. விசா, இன்சூரன்ஸ்ல கவனிக்க வேண்டியது ஏதாவது உண்டா? கப்பல் ஏறுற அன்னிக்கு காலையில உஷுவாயா போற விமானம்தான் இப்ப பார்த்திருக்கோம்.

அலைவரிசை_7:

அந்த விமானத்தை முதல்ல மாத்துங்க. ரெண்டு நாள் முன்னாடியே உஷுவாயாவுல இருக்கணும். பியூனஸ் அயர்ஸ்ல வெளிநாட்டு விமானம் எசெய்சா நிலையத்துல இறங்கும், உஷுவாயா விமானம் நிறைய ஏரோபார்க்கே நிலையத்திலிருந்து. ரெண்டுக்கும் நடுவுல நகரத்தையே கடக்கணும். உள்நாட்டு டிக்கெட்ல பை எடை பல நேரம் 15 கிலோதான், பார்த்து வாங்குங்க. பை தாமதமானா கப்பல் காத்திருக்காது.

கப்பல்ல கிளம்புறதும் திரும்புறதும் நாட்டை விட்டு வெளிய போய் மறுபடி நுழையுற கணக்கு. விசா எடுக்கிறதா இருந்தா பல நுழைவு கேளுங்க. இன்சூரன்ஸ்ல மொத்தத் தொகையைப் பார்க்காதீங்க, அவசர மருத்துவ வெளியேற்றத்துக்குத் தனியா எவ்வளவு, அண்டார்டிகா சேருமா, ஏற்கெனவே இருக்கிற நோய் சேருமான்னு பாருங்க. கப்பல் நிறுவனம் குறைஞ்சபட்சத் தொகை சொல்லும், அதுக்குக் கீழ இருந்தா ஏத்த மாட்டாங்க.

ஏஜென்ட் சொல்லாம விடுறது ஒண்ணு: இந்தியாவோட மஞ்சள் காய்ச்சல் நாடுகள் பட்டியல்ல அர்ஜென்டினாவும் இருக்கு. திரும்பும்போது தடுப்பூசிச் சான்று இல்லன்னா விமான நிலையத்திலேயே ஆறு நாள் வரைக்கும் தனிமைப்படுத்தலாம். ஊசி போட்டு பத்து நாள் கழிச்சுதான் சான்று செல்லும். சென்னையில கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்ல போடுறாங்க. ஆனா 60 தாண்டினவங்களுக்கு இந்த ஊசியில அபூர்வமா பெரிய பக்கவிளைவு வரும், உங்க அப்பா அம்மா ரெண்டு பேருமே அந்த வயசு. இப்பவே டாக்டரைப் பாருங்க. வேண்டாம்னு அவர் சொன்னா விலக்குக் கடிதம் வாங்கலாம், அதை ஏத்துக்கிறதும் விடுறதும் விமான நிலைய சுகாதார அதிகாரி முடிவு. அதனால திரும்பி வந்த அடுத்த வாரத்துல கல்யாணம், ஆபரேஷன்னு எதையும் வெச்சுக்காதீங்க.