ஒத்தை பீஸ் துடுப்பை ஃப்ளைட்ல எப்படிங்க கொண்டு போறது?

மடிவாளா மீன்:
மக்களே ஒரு டவுட். போன வருஷம் மங்களூர் பக்கம் முல்கில ஷாம்பவி ஆத்துல மொத தடவை ஸ்டாண்ட் அப் பேடில் (போர்டு மேல நின்னுட்டே துடுப்பு போடறது) பண்ணதுல இருந்து பைத்தியம் புடிச்சு போய் காத்தடிக்கிற போர்டு ஒன்னு வாங்கிட்டேன், 9 கிலோ, மடிச்சா முதுகுப் பைல அடங்கிரும், அதுல பிரச்சனை இல்ல. பிரச்சனை துடுப்பு. போர்டு கூட வந்த அலுமினியம் துடுப்பு கனமா இருக்குன்னு செகண்ட் ஹேண்ட்ல ஒரு கார்பன் துடுப்பு வாங்கினேன், 210 செ.மீ, ஒத்தை பீஸ், பிரிக்கவே முடியாது. ஜனவரில ராமேஸ்வரம் போறோம், பெங்களூருல இருந்து மதுரைக்கு ஃப்ளைட், அங்கேருந்து கார். கேபின்ல கைல புடிச்சுட்டு ஏற விடுவாங்களா? இல்ல பிவிசி பைப்புக்குள்ள போட்டு செக்-இன் பண்ணலாமா? லக்கேஜ் 15 கிலோ தான். எங்கம்மா வேற "ராமேஸ்வரத்துல இல்லாத துடுப்பாடா"ன்னு சிரிக்கிறாங்க.

ஹெப்பாள் காத்து:
கேபின மறந்துருங்க ப்ரோ. கிரிக்கெட் பேட், ஹாக்கி ஸ்டிக், கோல்ஃப் குச்சி எல்லாமே கேபின்ல தடை, இது என்ன பேட்டை விட சின்னதா? செக்யூரிட்டில நிறுத்திட்டா திரும்ப கவுண்டருக்கு ஓடணும், அதுக்குள்ள போர்டிங் முடிஞ்சிரும். செக்-இன்லயும் பல ஏர்லைன்ல நீளம் அகலம் உயரம் மூணையும் கூட்டினா 158 செ.மீ தாண்டக்கூடாது, உங்களோடது நீளமே 210. பைப் ஐடியாவும் தேறாது. துடுப்போட அகலமான முனை எப்படியும் 18-20 செ.மீ இருக்கும், அது நுழையணும்னா 8 இன்ச் பைப் வேணும், அரை கிலோ சொச்சம் இருக்க துடுப்புக்கு அதை விட பல மடங்கு கனத்துல பைப்பு.

கோரமங்களா அக்கா:
நான் கோவாவுக்கு ஒத்தை பீஸ் கொண்டு போயி பட்டிருக்கேன் தம்பி, ஏர்லைன் பேர் வேண்டாம். கவுண்டர்ல ஓவர்சைஸ்னு தனியா காசு, அப்புறம் உடைஞ்சா நாங்க பொறுப்பில்லன்னு ஒரு டேக்ல கையெழுத்து, அதுக்கப்புறம் ஓவர்சைஸ் பெல்ட்டுக்கு நானே தூக்கிட்டு போனேன். அங்க போய் பார்த்தா முனை ஓரத்துல விரல் நகம் அளவுக்கு பேந்துருச்சு. கார்பன் இழுத்தா தாங்கும், பக்கவாட்டுல குத்துப்பட்டா அவ்ளோ தான். மேல சூட்கேஸ் விழுந்து உள்ளுக்குள்ள விரிசல் விட்டா அப்ப தெரியாது, நடுத் தண்ணில வச்சு படக்குனு போகும். மதுரைக்கு ப்ரொப்பெல்லர் ஃப்ளைட்டா இருந்தா லக்கேஜ் வைக்கிற இடமும் சின்னது, அதையும் ஏர்லைனுக்கு போன் பண்ணி கேட்டுக்கோங்க.

ஆனா ஒன்னு கேக்கணும், போர்டு கூட வந்த அந்த அலுமினியம் துடுப்பு மூணு பீஸா கழலுமே? அதை ஏன் மறந்துட்டீங்க?

மடிவாளா மீன்:
அய்யோ அக்கா 🤦 ஆமா கழலும். ஆனா கார்பன்ல போட்டுட்டு திரும்ப அதைப் புடிச்சா தோள்பட்டை வலிக்குது. கார்பனையே நடுவுல அறுத்து ஜாயின்ட் போட்டா என்ன?

சர்ஜாபூர் படகோட்டி:
அறுக்காதீங்க சாமி!! ஜாயின்ட் கொஞ்சம் லூசா உக்காந்தாலும் ஒவ்வொரு தள்ளுக்கும் டக் டக்னு ஆடும், ரெண்டு நாள்ல வெறுத்துருவீங்க. அவ்ளோ ஆசைன்னா மூணு பீஸ் கார்பனே விக்கிறாங்க, பிரிச்சா பெரிய துண்டு 90 செ.மீ கிட்ட தான் வரும், போர்டு பைக்குள்ளயே போயிரும். இந்த ட்ரிப்புக்கு அலுமினியம் போதும்.

பேக் பண்றது சொல்றேன். ஏசி காப்பர் பைப்புக்கு சுத்துற கருப்பு ஃபோம் குழாய் ஹார்ட்வேர் கடைல கிடைக்கும், ஒன்னே அரைக்கால் இன்ச்னு கேளுங்க, துடுப்புத் தண்டுல கச்சிதமா ஏறும். முனைக்கு ரெண்டு பக்கமும் அட்டை வச்சு டேப், போர்டை சுருட்டும்போது அதை நடுவுல வச்சு சுருட்டுங்க, போர்டை விட நல்ல மெத்தை எங்க கிடைக்கும்.

அப்புறம் யாரும் சொல்லாத ரெண்டு. ரிப்பேர் கிட்ல குட்டி பசை ட்யூப் இருக்கும், அது தீப்பிடிக்கிற ஐட்டம், கேபின்லயும் கூடாது செக்-இன்லயும் கூடாது, வீட்லயே எடுத்து வச்சிருங்க. பேட்டரி பம்ப்னா ஸ்டிக்கர்ல வாட்-ஹவர் (பேட்டரில எவ்ளோ சார்ஜ் நிக்கும்ங்கிற அளவு) பாருங்க, 100க்குள்ள இருந்தா கேபின்ல கைல கொண்டு போகலாம், 100ல இருந்து 160 வரைக்கும்னா ஏர்லைன்கிட்ட முன்கூட்டியே அனுமதி வேணும். கைப் பம்ப்னா எந்த தலைவலியும் இல்ல, செக்-இன்ல போட்டுருங்க.

ஹெப்பாள் காத்து:
கடல்ல இறங்கிட்டு வந்ததும் துடுப்பை கழட்டி நல்ல தண்ணில அலசுங்க ப்ரோ, உப்பும் மணலும் ஜாயின்ட்ல ஏறிச்சுன்னா திரும்பற அன்னிக்கு ரெண்டு பேர் இழுத்தாலும் கழலாது, கழலலன்னா மறுபடி ஓவர்சைஸ் தான் 😂 கார்பனை முல்கிக்கு வச்சுக்கோங்க, ராத்திரி பஸ்ல உங்க கூடவே வரும்.

மடிவாளா மீன்:
சரி அலுமினியமே. போர்டு, துடுப்பு, பம்ப், கயிறு எல்லாம் சேத்து வீட்டு தராசுல 12.8 கிலோ. மிச்சம் ரெண்டு கிலோவுக்கு அம்மா அப்பவே முறுக்கு டப்பா எடுத்து வச்சுட்டாங்க.

கோரமங்களா அக்கா:
ஜனவரின்னா வாடைக்காத்து தம்பி. பாக் ஜலசந்திப் பக்கத்தை அங்க பெண் கடல்னு சொல்வாங்க, ஆனா அந்த மாசத்துல அது தான் துள்ளும், தெக்குப் பக்கம் மன்னார் வளைகுடால தண்ணி அடங்கி இருக்கும். ஆனா அங்க காத்து கரைல இருந்து வெளிய தள்ளும், போறது ஈஸி, வரது தான் கஷ்டம். உள்ளூர் மீனவங்க கிட்ட கேட்டுட்டு, லைஃப் ஜாக்கெட் போட்டு, போர்டு கயிற கால்ல கட்டிட்டு இறங்குங்க.