ஊசி பயாப்ஸிக்குப் பதில் ரத்த டெஸ்ட் போதுமா?

மலர்க்கொடி:
அம்மாவுக்கு 61 வயது. இடது மார்பில் நெல்லிக்காய் அளவுக்குக் கட்டி. மேமோகிராம் (மார்பக எக்ஸ்ரே) பார்த்த டாக்டர் ஊசி பயாப்ஸி, அதாவது ஊசியால் கட்டியில் கொஞ்சம் சதை எடுத்துப் பரிசோதிக்கச் சொல்கிறார். பெரியம்மா விடவில்லை: "ஊசி பட்டா கட்டி கலைஞ்சு உடம்பெல்லாம் பரவிடும்டி." இதற்கு நடுவில், ரத்தத்தில் சுற்றும் புற்று செல்களை எண்ணும் 'சிடிசி' டெஸ்ட் பற்றி ஒரு லேப் விளம்பரம் வாட்ஸ்அப்பில் வந்தது. அம்மா அதையே பிடித்துக்கொண்டார். அது மட்டும் போதாதா?

பழைய_லேப்காரன்:
போதாதும்மா. நான் டாக்டர் இல்லை, 22 வருஷம் ரத்த ஸ்லைடு பார்த்தவன்.

டெஸ்ட் பொய்யில்லை. 2004-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்த செல்சர்ச் முறையில் 7.5 மில்லி ரத்தம் எடுப்பார்கள். அதில் சிவப்பணுக்களே சாதாரணமாக மூவாயிரம் கோடிக்கு மேல் இருக்கும். அந்தக் கூட்டத்தில் நாலைந்து செல்லைத் தேட வேண்டும்! ஆன்டிபாடி (குறிப்பிட்ட செல்லைப் பிடித்துக்கொள்ளும் புரதம்) பூசிய நுண்ணிய இரும்புத் துகள்கள் புற்று செல்லில் ஒட்டிக்கொள்ளும், காந்தம் வைத்து இழுப்பார்கள். அப்போதும் வெள்ளையணுக்கள் கூடவே ஒட்டிக்கொண்டு வரும். சாயம் ஏற்றி அவற்றைக் கழிக்க வேண்டும்.

ஆனால் அந்த அனுமதி, மார்பகப் புற்று ஏற்கெனவே பரவியவர்களுக்கு. அந்த 7.5 மில்லியில் 5 அல்லது அதற்கு மேல் புற்று செல் இருந்தால் நோயின் போக்கு மோசம் என்று கணிப்பார்கள். ஆரம்பக் கட்டியில் பெரும்பாலும் பூஜ்யம்தான் வரும். அம்மா அதைப் பார்த்துவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போய்விடுவார். எனக்கு அதுதான் பயம். அப்புறம் புற்று செல்லில் ஹார்மோன் ரிசப்டர், ஹெர்2 என்ற புரதங்கள் இருக்கிறதா என்று பார்த்துத்தான் மருந்தையே முடிவு செய்வார்கள். அதற்குக் கட்டியின் சதை வேண்டும்.

மலர்க்கொடி:
சரி, பெரியம்மா சொல்வது?

பழைய_லேப்காரன்:
ஊசித் தடத்தில் ஒன்றிரண்டு செல் சிந்தலாம். அதனால் நோய் பரவுவது மிக மிக அரிது. கட்டி புற்றாக இருந்தால் ஊசிக்காகக் காத்திருக்காது, தானே செல்களை ரத்தத்தில் விடும். 1869-இலேயே ஆஸ்திரேலியாவில் ஆஷ்வொர்த் என்பவர், புற்றுநோயில் இறந்த ஒருவரின் ரத்தத்தில் கட்டியில் இருந்த அதே செல்களைப் பார்த்திருக்கிறார். அப்படி வரும் செல்களில் பெரும்பாலானவை சில மணி நேரத்தில் செத்துப்போகும். ரோட்டில் சிந்தின நெல்லெல்லாம் முளைக்கிறதா என்று பெரியம்மாவைக் கேளுங்கள்.

தேனி_சுந்தரி:
எங்கள் அத்தையும் இதே பயத்தில் எட்டு மாதம் தள்ளிப்போட்டார். நெல்லிக்காய் எலுமிச்சம்பழம் ஆனதுதான் மிச்சம்.

மலர்க்கொடி:
வியாழன் காலை பயாப்ஸி. ஊசி எவ்வளவு பெரிசு என்று பார்க்கப் பெரியம்மாவும் கூட வருகிறாராம்.