சரளை கலந்த ஆற்றோர மேட்டு மண்: குழி வெட்டிப் பார்த்தவர்கள் எழுதுங்கள்

கெடிலக்கரை:
கடலூர், பண்ருட்டி, வில்லியனூர், பாகூர் சுற்றுவட்டாரத்தில் ஆற்றை ஒட்டிய மேட்டில், அதாவது ஆற்றுப்படியில், சரளை மண்ணைத் தோண்டிப் பார்த்தவர்கள் என்ன கண்டீர்கள், எப்படி அளந்தீர்கள், எந்த வகையில் சேர்த்தீர்கள் என்று எழுதுங்கள். ஆற்றுப்படி என்று நான் சொல்வது, ஆறு தன் தடத்தை அறுத்துக்கொண்டு கீழே இறங்கிய பிறகு வெள்ளம் ஏறாமல் மேலே நின்றுவிட்ட பழைய படுகை. சொந்தக் கதை வேண்டாம், அளவும் முறையும் போதும்.

கேப்பர்மலைக்காரன்:
முதலில் ஒரு எச்சரிக்கை. உருண்டைக் கூழாங்கல்லைப் பார்த்ததும் "ஆற்றுப்படி" என்று எழுதிவிடும் பழக்கம் நம் பகுதியில் செல்லாது. கேப்பர் மலை, நெய்வேலி, பண்ருட்டிச் செம்மண் மேடு எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது கடலூர் மணற்கல். அதுவே மிகப் பழைய ஆறுகள் கொண்டுவந்து கொட்டிய படிவு. அதற்குள்ளேயே கூழாங்கல் அடுக்குகள் உண்டு. மணற்கல் உதிர்ந்தால் உருண்டைக் கல் மேட்டில் சிதறிக் கிடக்கும், பக்கத்தில் எந்த ஆறும் இருக்கவேண்டியதில்லை. உருண்டை என்பது "எப்போதோ ஓர் ஆற்றில் உருண்டது" என்பதற்கு மட்டுமே சாட்சி.

நான் பார்க்கும் அடையாளங்கள்: கல் எல்லாம் குவார்ட்சாகவே இருந்து, இரும்புக்கறை ஏறியிருந்தால் மணற்கல்லிலிருந்து வந்திருக்கும் வாய்ப்பு அதிகம். கிரானைட், நைஸ் துண்டுகள், மக்காத பெல்ட்ஸ்பார் கனிமம் கலந்திருந்தால் மேற்கேயிருந்து இப்போதைய ஆறு கொண்டுவந்தது. தென்பெண்ணை கர்நாடகத்தின் நந்தி மலைப் பக்கமிருந்து வருகிறது, சங்கராபரணி செஞ்சி மலைப் பக்கமிருந்து. இரண்டுமே கடினப்பாறை நாட்டைக் கடந்து வருபவை. அதன் கல்லில் அது தெரியவேண்டும்.

கூடவே கல் கிடக்கும் வாகு. தட்டையான கற்கள் ஒன்றன்மேல் ஒன்று ஓடு அடுக்கியதுபோல் நீர் வரும் திசை நோக்கிச் சாய்ந்து படிந்திருந்தால் ஓடும் நீர் வைத்த அடுக்கு. திசையில்லாமல் கிடந்து, முனை மழுங்காமலும் இருந்தால் சரிவில் இறங்கிய மண்.

வில்லியனூர்_மண்:
சரியாகச் சொன்னீர்கள். திருவக்கரை பக்கம் போகிறவர்களுக்கு இன்னொன்று: அங்கே சரளையோடு கல்மரத் துண்டும் கிடக்கும். சிலிக்காவாகிப்போன மரம், சாதாரணக் கல்போலவே சல்லடையில் நிற்கும். பாதுகாக்கப்பட்ட இடம், துண்டை எடுத்துவராதீர்கள். குழியையும் அங்கே வெட்டவேண்டாம்.

பாகூர் ஏரிக்கரை:
வகைப்படுத்துவதில் பெரும்பாலும் சறுக்குவது சதவீதத்தில்தான். அமெரிக்க மண் வகைப்பாட்டில் 2 மி.மீ. முதல் 75 மி.மீ. வரை சரளை, 250 மி.மீ. வரை பெருங்கூழாங்கல், 600 மி.மீ. வரை கல், அதற்கு மேல் பாறாங்கல். மொத்த மண்ணில் இவை 15 சதவீதத்துக்குக் கீழ் என்றால் பெயரில் சரளை என்ற அடைமொழியே வராது. 15 முதல் 35 வரை சரளை மண். 35 முதல் 60 வரை மிகுசரளை. 60 முதல் 90 வரை அதிசரளை. இதெல்லாம் கனஅளவுச் சதவீதம், எடைச் சதவீதம் அல்ல. சலித்து எடை போட்டு வந்த எண்ணை அப்படியே எழுதுகிறவர்கள் அதிகம்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 100 கிலோ உலர் மண்ணில் 40 கிலோ சரளை. கல்லின் அடர்த்தி லிட்டருக்கு 2.65 கிலோ என்றால் 15.1 லிட்டர். மீதி 60 கிலோ நுண்மண் (2 மி.மீ.க்குக் கீழானது), லிட்டருக்கு 1.5 கிலோ வீதம் 40 லிட்டர். கனஅளவில் சரளை 27 சதவீதம்தான். எடையில் பாதிக்குப் பாதி இருந்தால்தான் 36 சதவீதம் வரும். 35 என்பது முக்கியமான கோடு. அதைத் தாண்டினால்தான் அந்த வகைப்பாட்டின் 'குடும்பம்' என்ற உட்பிரிவில் எலும்புக்கூட்டு மண், அதாவது கல் மிகுந்த மண் என்ற வகுப்பு. எடையை நம்பினால் 40 கிலோக்காரன் தவறான வகுப்பில் போய் உட்காருவான்.

நெல்லிக்குப்பம் கரும்பு:
அண்ணே, நுண்மண் அடர்த்தி 1.5 என்று எடுத்துக்கொண்டது சரி. ஆனால் களத்தில் அதை அளப்பது எப்படி? மண் மாதிரி எடுக்கும் வளையக் குழாயை அடித்தால் சரளையில் இறங்கவே மாட்டேன் என்கிறது. இறங்கினாலும் கல் இடறி மண் கலைந்துவிடுகிறது.

பாகூர் ஏரிக்கரை:
வளையத்தை விட்டுவிடுங்கள். குழி நீர் முறைதான் சரி.

மேல்மண்ணைச் சமமாக வழித்துவிட்டு ஏறக்குறைய 20 செ.மீ. நீள அகலம், 15 செ.மீ. ஆழத்தில் குழி தோண்டவும். வெளியே வரும் ஒரு பிடி மண்ணையும் விடாமல் வாளியில் சேர்க்கவும். குழிக்குள் மெல்லிய பாலித்தீன் தாளை மூலை முடுக்கெல்லாம் படியும்படி விரித்து, அளவுக் குவளையால் தரைமட்டம் வரை நீர் ஊற்றி எத்தனை லிட்டர் என்று குறிக்கவும். தடித்த தாள் என்றால் கல் இடுக்கில் படியாது, கனஅளவு குறைவாக வரும். மண்ணை உலர்த்தி 2 மி.மீ. சல்லடையில் சலிக்கவும். கல்லில் ஒட்டிய களியைக் கழுவி, அந்த நுண்மண்ணையும் கணக்கில் சேர்க்கவும். பிறகு நனைந்த கல்லை, வழியும்வரை நீர் நிரப்பிய வாளியில் போட்டு வழிந்த நீரை அளந்தால் கல்லின் கனஅளவு.

மாதிரிக்கு: குழி 6 லிட்டர், மொத்த உலர் எடை 11.5 கிலோ, சரளை 5.8 கிலோ, வழிந்த நீர் 2.2 லிட்டர். சரளை 36.7 சதவீதம். நுண்மண் 5.7 கிலோ, 3.8 லிட்டர், அடர்த்தி 1.5. அடைத்துக் கிடக்கும் மண்ணில் இது 1.7 வரை போகும், அதனால்தான் அளக்கச் சொல்கிறேன்.

கேப்பர்மலைக்காரன்:
கூடுதலாக ஒன்று. இரும்புக் குருணைகளை (இரும்பு சேர்ந்து இறுகிய சிறு உருண்டைகளை) கல் என்று எண்ணுமுன் சோதியுங்கள். உலர்ந்த குருணையை ஒரு மணி நேரத்துக்கு மேல் நீரில் போட்டு வையுங்கள். கரைந்து பொலபொலவென்று போனால் அது இறுகிய மண் உருண்டை. கரையாமல் நின்றாலும், விரலுக்கிடையில் அழுத்தியதும் நொறுங்குவது காரைபோல வலுவாக இறுகிய பொருள் இல்லை, 35 சதவீதக் கணக்கில் சேராது. செம்மண் மேட்டில் இப்படிப்பட்ட போலிச் சரளை நிறைய.

மணல்மேடு:
எந்த ஆழத்தில் அளப்பது என்பதையும் சொல்லிவிடுங்கள். மேலே தெரியும் கல்லை எண்ணிவிட்டு எலும்புக்கூட்டு மண் என்று எழுதுகிறார்கள். களி இறங்கிச் சேர்ந்த அடுக்கு இல்லாத மண்ணில் 25 முதல் 100 செ.மீ. வரை. அந்த அடுக்கு இருந்தால் அந்த அடுக்கின் மேல்பகுதி 50 செ.மீ. மேற்பரப்பில் கல் குவிந்திருப்பதற்கு மழை நுண்மண்ணை அரித்துக்கொண்டு போனதே காரணமாக இருக்கலாம்.

துளைப்பானை மட்டும் நம்பாதீர்கள். சரளையில் தட்டி நின்ற இடத்தை "45 செ.மீ.யில் பாறை" என்று பதிவுசெய்தால் ஆழமான மண் ஆழமற்ற மண்ணாகிவிடும். ஒன்றரை மீட்டர் குழியே வேண்டும், அதுவும் வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து நிலத்தடி நீர் இறங்கிய பிறகு. சரளைச் சுவர் சொல்லாமல் சரியும். நேர்ச்சுவராக வெட்டாமல் படிப்படியாக வெட்டுங்கள், தோண்டிய மண்ணை விளிம்பில் குவிக்காதீர்கள்.

வில்லியனூர்_மண்:
இனி பெயர் வைக்கும் இடம். ஒரே ஆற்றங்கரையில் படிக்குப் படி மண்ணின் 'வரிசை' (அமெரிக்க வகைப்பாட்டின் மேல்மட்டப் பிரிவு) மாறுவதைப் பார்க்கலாம். வெள்ளம் அண்மைக்காலம் வரை ஏறிய தாழ்ந்த படியில் அடுக்கடுக்கான வண்டல், ஆழத்தோடு கரிமம் சீராகக் குறையாமல் ஏறி இறங்கும். அது எண்டிசால் (அடுக்கு இன்னும் உருவாகாத இளம் மண்) வரிசை, அதற்குள் உஸ்டிஃப்ளூவெண்ட். அதற்கு மேலே நிறமும் கட்டமைப்பும் மாறத் தொடங்கிய அடுக்கு இருந்தால் இன்செப்டிசால், ஹாப்லுஸ்டெப்ட். மிகப் பழைய மேட்டில் செந்நிறமும் களிப்படலமும் வந்து, கார நிறைவு (மண் பிடித்துவைத்திருக்கும் அயனிகளில் கால்சியம், மக்னீசியம் போன்றவற்றின் பங்கு) 35 சதவீதத்துக்குக் குறையாமல் இருந்தால் ஆல்ஃபிசால், ஹாப்லுஸ்டால்ஃப் அல்லது அதன் உறவினர்.

சிக்கல் மூன்றாவதில். மேலடுக்கில் 12 சதவீதக் களி, கீழே 15 என்றால் எண் அளவில் 'களி இறங்கிச் சேர்ந்த அடுக்கு' என்ற தகுதி வந்துவிடும், ஏனென்றால் மேலே 15க்குக் கீழ் இருக்கும்போது 3 கூடினால் போதும். மேலே 20 என்றால் கீழே 24 வேண்டும். ஆனால் ஆற்றுப்படியில் ஒரு வெள்ளம் களியையும் அடுத்த வெள்ளம் மணலையும் போட்டிருக்கும். களி இறங்காமலேயே கீழே களி அதிகமாகத் தெரியும். ஆகவே எண்ணை மட்டும் வைத்து ஆல்ஃபிசால் என்று முடிவுகட்டக் கூடாது. கூழாங்கல்லைப் பிடுங்கி எடுத்து, அது இருந்த குழியின் சுவரைப் பத்து மடங்கு உருப்பெருக்கியில் பாருங்கள். வழுவழுப்பான படலம், மணல் பரல்களுக்கிடையே களிப்பாலம் தெரியவேண்டும். அதோடு களியை நீக்கிவிட்டு நுண்மணலுக்கும் பருமணலுக்கும் உள்ள விகிதத்தை அடுக்குவாரியாகப் போடுங்கள். அந்த விகிதம் திடீரென்று குதித்தால் அது வேறு படிவு, அதைக் காட்ட அடுக்கின் குறிக்கு முன்னால் 2 போட வேண்டியதுதான்.

பழைய படியில் இன்னொரு அடையாளம்: கல்லே உள்ளுக்குள் மக்கியிருக்கும். முழுக் கல்போலத் தெரியும், கத்தி முனையால் அறுபடும்.

மணல்மேடு:
உலக மண் வகைப்பாட்டில் எழுதுகிறவர்கள் கவனிக்க, அங்கே 'ஸ்கெலிடிக்' (எலும்புக்கூட்டு) அடைமொழிக்கு 100 செ.மீ. ஆழச் சராசரியில் 40 சதவீதம் வேண்டும். 37 சதவீத மண் அமெரிக்க முறையில் தேறும், இதில் தேறாது. இரண்டு அறிக்கையையும் ஒப்பிட்டு முரண் என்று சண்டை போடவேண்டாம்.

நெல்லிக்குப்பம் கரும்பு:
மேலே 50 செ.மீ. நல்ல வண்டல், கீழே திடீரென்று சரளை என்ற நிலம் எங்கள் பக்கம் உண்டு. அதைச் சராசரி எடுக்கலாமா?

வில்லியனூர்_மண்:
கூடாது. மாறும் இடம் 12.5 செ.மீ.க்குள் முடிந்து, இரு பக்கமும் குறைந்தது 12.5 செ.மீ. தடிமன் இருந்தால் "பருவண்டலின் கீழ் மணற்சரளை" என்ற மாதிரி இரட்டைப் பெயர்தான். விவசாயத்துக்கும் அதுவே உண்மை. நுண்மண்ணின் சிறு துளைகளிலிருந்து சரளையின் பெரிய இடைவெளிக்கு நீர் உடனே இறங்காது. எல்லைக்கோட்டுக்கு மேலே தேங்கி, கிட்டத்தட்ட நிறைந்த பிறகே கொட்டும். வேரும் அங்கேயே பாய் விரித்துவிடும். அளவாகப் பாய்ச்சினால் மேல் 50 செ.மீ. எதிர்பார்த்ததைவிட ஈரம் பிடிக்கும். ஒரேயடியாக வெள்ளமாகப் பாய்ச்சினால் உரத்தோடு கீழே போய்விடும்.

பாகூர் ஏரிக்கரை:
நீர்க் கணக்கு, முழு ஆழமும் சரளையாக இருக்கும் நிலத்துக்கு: மணல்கலந்த வண்டல் மீட்டருக்கு 120 மி.மீ. பயன்படு நீர் பிடிக்கும் என்று வைத்தால், 36 சதவீதக் கல்லைக் கழித்தால் 77 மி.மீ. வேர் ஆழம் 60 செ.மீ. என்றால் 46. அதில் பாதி காய்ந்ததும் பாய்ச்சுவதானால் 23 மி.மீ. பயிர் நாளுக்கு 5 மி.மீ. குடித்தால் நாலரை நாள்தான் தாங்கும். "வாரம் ஒரு தண்ணீர்" இங்கே எடுபடாது. சொட்டுநீரில் ஈரம் பக்கவாட்டில் பரவாமல் நேர்கீழே இறங்குவதால் சொட்டுவான் இடைவெளி 60 செ.மீ.க்குப் பதில் 30 செ.மீ. வைப்பது நல்லது. மணல் நிலத்துக்குச் சொல்லும் 400 கிலோ உருளையைச் சரளையில் ஓட்டுவது வீண், கல்லோடு கல் முட்டி நிற்கும், இடைவெளி இறுகாது. ஏரி வண்டல் அடிப்பது பயன் தரும்.

கெடிலக்கரை:
மண் பரிசோதனை அட்டையையும் இதில் சேர்க்கவேண்டும். ஆய்வகம் சலித்த நுண்மண்ணைத்தான் சோதிக்கிறது. ஹெக்டேருக்குக் கிலோ என்று மாற்றும்போது 15 செ.மீ. மேல்மண் 22.4 லட்சம் கிலோ என்று கொண்டு பிபிஎம் (பத்து லட்சத்தில் எத்தனை பங்கு) எண்ணை 2.24ஆல் பெருக்குகிறார்கள். 36 சதவீதச் சரளை இருந்தால் உண்மையில் நுண்மண் 960 கன மீட்டர், 14.4 லட்சம் கிலோதான். சாம்பல் சத்து (பொட்டாசியம்) 80 பிபிஎம் என்று வந்தால் அட்டையில் 179 கிலோ, நடுத்தரம். நிலத்தில் 115 கிலோ, நடுத்தரம் தொடங்கும் 118க்குக் கீழே, குறைவு. மாதிரி அனுப்பும்போது சரளையின் எடையையும் கனஅளவுச் சதவீதத்தையும் உறைமேல் எழுதி அனுப்புங்கள். எழுதாமல் அனுப்பியிருந்தால், 36 சதவீதச் சரளை நிலத்துக்கு அட்டையில் உள்ள எண்ணை 0.64ஆல் பெருக்கிப் பரிந்துரையைப் பாருங்கள். தழைச்சத்தை மூன்று நான்கு தவணையாகப் பிரித்துக் கொடுங்கள், சரளையில் ஒரே தவணை நிற்காது.

நெல்லிக்குப்பம் கரும்பு:
0.64 எங்கள் நிலத்துக்கும் பொருந்துமா சார்? மேலே 50 செ.மீ. வரை கல்லே இல்லையே.

கெடிலக்கரை:
பொருந்தாது. உங்கள் 15 செ.மீ.யில் கல் இல்லை என்றால் அட்டையில் உள்ள எண்ணே சரி. உங்களுக்குக் கவனம் வேண்டியது உரத்தில் அல்ல, பாய்ச்சும் அளவில்.