இராகலைக் கோச்சியை நிறுத்தியது யார்?

கந்தப்பளைக்காரன்:
இலங்கை மலையகத்தில், நானுஓயாவில் இருந்து நுவரெலியா, கந்தப்பளை வழியாக இராகலைக்கு ஒரு சின்னக் கோச்சி (ரயில்) ஓடியது நம் பிள்ளைகள் பலருக்குத் தெரியாது. 1903இல் நுவரெலியா வரைக்கும், மறு வருடம் இராகலை வரைக்கும் போட்டார்கள். சுமார் 19 மைல். 1940இல் பயணிகள் சேவை நின்றது, 1948இல் சாமான் கோச்சியும் போனது. அதே 1948இல்தான் தேயிலைத் தோட்டத்து ஆட்களின் குடியுரிமையையும் பறித்தார்கள். கேட்க நாதியில்லாத ஊர், வேறென்ன நடக்கும்?

மலையடி:
அண்ணே, கோபம் நியாயம், ஆனால் வருடக் கணக்கு உதைக்கிறதே. பயணிகளை இறக்கிவிட்டு எட்டு வருடம் கழித்துத்தான் அந்தக் குடியுரிமைச் சட்டம் வந்தது. கோச்சியைக் கொன்றது தண்டவாளப் பாதையின் அகலம். நானுஓயா வழியாகப் போகும் மெயின் லைன் 5 அடி 6 அங்குலம், இது 2 அடி 6 அங்குலம். கந்தப்பளையில் ஏற்றிய தேயிலைப் பெட்டியை நானுஓயாவில் இறக்கி, பெரிய வண்டியில் மறுபடி அடுக்க வேண்டும். பெக்டரி வாசலில் ஏற்றியதை லொறி கொழும்பிலேயே இறக்குகிறது என்றால் எந்தத் தோட்டத்துத் துரை கோச்சிக்குக் காத்திருப்பார்?

கந்தப்பளைக்காரன்:
கொழும்பில் இருந்து போகும் களனிவெளி ரயில் பாதையும் அதே 2 அடி 6 அங்குலம்தானே தம்பி? அதை மட்டும் 1990களில் அகலமாக்கி அவிசாவளை வரைக்கும் ஓட்டுகிறார்களே. அங்கே ஏறுவது கொழும்பு ஆபீஸ்காரர்கள், இங்கே கொழுந்து பறிக்கிறவர்கள்.

மலையடி:
அதே களனிவெளியில் இரத்தினபுரி, ஓப்பநாயக்கப் பக்கத்தை மூடிவிட்டார்கள். அங்கே யாருடைய குடியுரிமை போனது? அதோடு, இராகலைப் பாதையில் 24 அடிக்கு ஓர் அடி ஏற்றம், மெயின் லைனில் 44க்கு ஒன்றுதான். அகலமாக்குவது என்றால் புதுப் பாதையே வெட்ட வேண்டும்.

இராகலைப் பொண்ணு:
இரண்டு பேரும் தேயிலைப் பெட்டியை விட்டு இறங்க மாட்டீர்கள் போல! நுவரெலியாவுக்கு இன்றைக்கும் ரயில் கிடையாது. நானுஓயாவில் பொதிகளோடு இறங்குகிறவர்களை ஆட்டோக்காரர்கள் சூழ்ந்துகொள்வதைப் பார்த்ததில்லையா? இராகலை வரைக்கும் வேண்டாம், டவுன் வரைக்குமாவது போடட்டும்.

மலையடி:
அக்கா, பழைய பாதை ஓடிய காணியை யாரிடம் இருந்து திருப்பி எடுப்பது? வீடு கட்ட ஏழு பேர்ச்சஸ் காணித் துண்டு கேட்டு நம் ஆட்கள் இன்னும் அலைகிறார்கள். டூரிஸ்டுக்குத் தண்டவாளம் போட மட்டும் காணி வந்துவிடுமா?

கந்தப்பளைக்காரன்:
பார், இப்போது நீயே என் பக்கம்தான் பேசுகிறாய்.

இராகலைப் பொண்ணு:
சரி, அந்த ஆட்டோவுக்கு நான் கொடுக்கும் காசை இரண்டு பேரும் பாதிப் பாதி போட்டுக்கொள்ளுங்கள்.