அரக்கு பாலிஷ் வெள்ளை பூத்துவிட்டது, சுரண்டணுமா?

கேள்வி:
பழைய கட்டில் தேக்குப் பலகையில் ஒரு சின்னப் புத்தக அலமாரி செய்தேன். மூன்றடி உயரம், இரண்டரை அடி அகலம். நான் வங்கியில் கணக்குப் பார்க்கிறவன், உளி பிடித்ததே இந்த ஐப்பசியில்தான். 120, 180, 220 நம்பர் உப்புத்தாள்களை, சொரசொரப்பிலிருந்து நைசுக்கு, வரிசையாகப் போட்டுத் தேய்த்து, அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்து மூன்று கை பூசினேன். வெளியே அடைமழை. காலையில் பார்த்தால், கண்ணாடியில் மூச்சு விட்ட மாதிரி மேல்பலகை முழுக்க வெள்ளைப் படலம்!

பதில் 1:
சுரண்டிடாதீங்க சார். ஸ்பிரிட் சட்டுனு ஆவியாகும்போது பலகை மேல்புறம் குளிர்ந்து காத்து ஈரத்தை இழுத்துக்கும், அதான் வெள்ளை. வெயில் நாள்ல, மதியமா, துணியை ஸ்பிரிட்ல நனைச்சு நல்லாப் பிழிஞ்சு நிக்காம ஒரே இழுப்பா இழுங்க. நின்னா அந்த இடம் கரைஞ்சு துணி ஒட்டிக்கும். எங்கப்பா துணியைப் புறங்கையில தொட்டுப் பார்ப்பார்: சில்லுனு இருக்கணும், நனையக் கூடாது. ஜன்னலைத் திறந்து வைங்க, பக்கத்துல அடுப்பு வேண்டாம்.

பதில் 2:
தட்டு என்ன கனம்? அரை இஞ்சு பிளைவுட்ல மூணடி நீளத்துக்குத் தட்டு போட்டேன். ஒரே வருஷத்துல தொட்டில் மாதிரி தொங்கிடுச்சு. பொண்டாட்டி இன்னும் சொல்லிக் காட்டுறா.

கேட்டவர்:
முக்கால் இஞ்சு சார். ஞாயிறு மதியம் துடைத்தேன், வெள்ளை போயே போச்சு. ஒரு மூலையில் மட்டும் கை நின்றுவிட்டது, துணி நூல் ஒட்டியிருக்கிறது. அதன்மேல் அகராதியை வைத்துவிட்டேன்.